வறண்ட கண்மாயில் அயிரை எங்கிருந்து வருகிறது? முதல் உயிரும் அப்படித்தான் வந்ததா?

கண்மாய்க்கரையான் | ஞாயிறு, இரவு 9.40

மேலூர் பக்கம் ஒரு கிராமம். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அறிவியல் எல்லாம் பன்னிரண்டாம் வகுப்போடு சரி. கேள்வி கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் கண்மாய் இரண்டு வருஷம் காய்ந்து கிடந்தது. பையன்கள் நடுக்கண்மாயில் ஸ்டம்பு ஊன்றிக் கிரிக்கெட் விளையாடினார்கள், கருவேலம் முளைத்து ஆளுயரம் வந்துவிட்டது. இந்த ஐப்பசி மழையில்தான் தண்ணீர் வந்தது. வந்த மூன்றாவது வாரமே எங்கள் அப்பத்தா மடைப்பக்கம் போய் முந்தானையை விரித்தே ஒரு சட்டி அயிரை பிடித்துக்கொண்டு வந்துவிட்டது. குழம்பு கொதிக்கும்போது நான் சும்மா இருக்காமல், "இந்த மீனு எங்கேருந்து வந்துச்சு அப்பத்தா, ஆரும் குஞ்சு விடலையே" என்று கேட்டேன்.

"மண்ணுக்குள்ள உசுரு கெடக்குய்யா. தண்ணி பட்டா எந்திரிச்சு வரும். இதுக்கு ஆரு வந்து குஞ்சு விடணும்?"

நான் விடவில்லை. உயிரிலிருந்துதான் உயிர் வரும், லூயி பாஸ்டர் குடுவை வைத்து நிரூபித்துவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை எடுத்துவிட்டேன். அப்பத்தா கரண்டியை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது: "அப்ப மொத உசுரு எந்த உசுருலருந்து வந்துச்சு?"

அதோடு நான் காலி. யூடியூபில் பார்த்தால் 400 கோடி வருஷத்துக்கு முன்னால் உயிரில்லாத ரசாயனங்களிலிருந்து முதல் உயிர் தோன்றியது என்கிறார்கள். பாஸ்டர் சரி என்றால் அது நடந்திருக்க முடியாது. அது நடந்தது என்றால் அப்பத்தா சொல்வதில் என்ன தப்பு? இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் சரியாக இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சாமி படைத்தது என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தப் பதில் அப்பத்தாவிடமே இருக்கிறது.

விலங்கியல் வாத்தியார் | திங்கள், காலை 6.15

தம்பி, 31 வருஷம் பாடம் நடத்தியவன், எந்தப் பையனும் இதை என்னிடம் கேட்டதில்லை. உங்கள் அப்பத்தாவை வகுப்பில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

முதலில் மீனை முடித்துவிடுவோம். அப்பத்தா பாதி சரி. விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன், ஈரச்சேற்றுக்குள் புதைந்து பல நாள் தாங்கும், தேளியும் அப்படித்தான். அயிரை மணலுக்குள் தலையை விட்டு ஒளிகிற ஜாதி. ஆனால் இரண்டு வருஷம் கிரிக்கெட் ஆடிய தரையில் எந்த மீனும் உயிரோடு கிடந்திருக்காது. உங்கள் பக்கத்துக் கண்மாய்கள் எல்லாம் சங்கிலி மாதிரி, மேல்கண்மாயின் கலுங்கு வழிந்தால் கீழ்க்கண்மாய்க்கு வரும். புதுத்தண்ணீரோடு மீனும் வரும், கீழேயிருந்து ஓட்டத்தை எதிர்த்து ஏறியும் வரும். எங்கேயாவது ஒரு கிடங்கில் முழங்காலளவு தண்ணீர் நின்றிருந்தால் போதும், அதிலிருந்து ஊரே நிறைந்துவிடும். போதாக்குறைக்கு வாத்தின் வயிற்றுக்குள் போன கெண்டை முட்டையில் ஒன்றிரண்டு சாகாமல் எச்சத்தோடு வெளியே வந்து பொரிக்கிறது என்று 2020இல் சோதித்தே காட்டியிருக்கிறார்கள்.

இப்போது பாஸ்டர். அதற்கு முன்னால் 1668இல் இத்தாலியில் ரெடி என்பவர் இறைச்சியை ஜாடிகளில் போட்டு, சிலவற்றைத் திறந்தும் சிலவற்றைத் துணியால் மூடியும் வைத்தார். மூடியதில் புழு வரவில்லை, ஏனென்றால் ஈ உட்காரவில்லை. சரி, புழுவுக்கு அப்பன் ஆத்தா உண்டு என்றாகிவிட்டது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்? அவை தானாக வருகின்றன என்று இன்னும் 200 வருஷம் சண்டை நடந்தது. பாஸ்டர் குடுவையின் கழுத்தை அன்னப்பறவை கழுத்து மாதிரி வளைத்துக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே போகும், தூசி வளைவிலேயே தங்கிவிடும். மாதக்கணக்கில் ஒன்றும் முளைக்கவில்லை. கழுத்தை உடைத்ததும் சில நாளில் கலங்கிவிட்டது. இந்த வேலைக்காக 1862இல் பிரெஞ்சு அகாடமி பரிசு கொடுத்தது.

இதில் பாஸ்டர் காட்டியது என்ன என்பதைத்தான் நம் பாடப்புத்தகம் அவசரத்தில் விட்டுவிடுகிறது. இன்றைக்கு இருக்கிற, நன்றாக வளர்ந்துவிட்ட ஒரு பாக்டீரியா, ஒரு குடுவைச் சாற்றில், சில மாதத்தில், தானாகக் கூடி வருவதில்லை. அவ்வளவுதான். பூமியில் ஒரு தடவைகூட உயிரற்றதிலிருந்து உயிர் வந்ததில்லை என்று அந்தக் குடுவை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மண்ணிலிருந்து மூன்று வாரத்தில் செதில், முள், கண் எல்லாம் வைத்த அயிரை எழுந்து வருவதும், ஒரு வெறும் மூலக்கூறு தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்யக் கோடி வருஷக் கணக்கில் கற்றுக்கொள்வதும் ஒரே விஷயம் ஆகாது.

வேண்டுமானால் வீட்டிலேயே செய்து பாருங்கள். வறண்ட கண்மாய் மண்ணை இரண்டு பாட்டிலில் தண்ணீரோடு போட்டு, ஒன்றை மட்டும் அவித்து, இரண்டையும் பஞ்சால் அடைத்து வெயில் படும் ஜன்னலில் வையுங்கள். சும்மா கொதிக்க வைத்தால் போதாது, மண்ணில் இருக்கிற சில பாக்டீரியா விதைகள் கொதிநீரில் சாகாது. பாஸ்டரை எதிர்த்த பூஷே வைக்கோல் ஊறவைத்த தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்து, முளைக்கிறதே என்று வாதாடியதற்கு அதுதான் காரணம், அவர் பொய் சொல்லவில்லை. அதனால் பிரஷர் குக்கரில் வைத்து முக்கால் மணி நேரம், மறுநாள் இன்னொரு தடவை. மூடியை இறுக்கிவிடாதீர்கள், பாட்டில் வெடிக்கும்.

உசிலைக்காரன் | திங்கள், மதியம் 1.20

உசிலம்பட்டிக்காரன், இப்போது வெளியூரில் ஒரு ஆய்வகத்தில் கெமிஸ்ட்ரி. சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், அப்பத்தா கேள்வியைத் தொடர்ந்து வருகிற கேள்வி இது. "அன்றைக்கு வந்தது என்றால் இன்றைக்கு ஏன் வரவில்லை?"

இதை டார்வினே யோசித்திருக்கிறார். 1871இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், அம்மோனியா, பாஸ்பேட், வெளிச்சம், வெப்பம், மின்சாரம் எல்லாம் இருக்கிற ஒரு சின்ன வெதுவெதுப்பான குட்டையில் ஒரு புரதம் உருவானால் என்று ஆரம்பித்து, இன்றைக்கு அப்படி உருவானாலும் உடனே எதுவாவது தின்றுவிடும், உயிர்கள் வருமுன் அந்தத் தொல்லை இருந்திருக்காது என்கிறார். யோசித்துப் பாருங்கள், உங்கள் கண்மாயில் ஒரு சர்க்கரைக் கட்டியைப் போட்டால் எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு சொட்டுத் தண்ணீரில் லட்சக்கணக்கில் பாக்டீரியா வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. இன்னொன்று ஆக்சிஜன். அது நமக்கு மூச்சு, ஆனால் அரைகுறையாக உருவாகிற மூலக்கூறுக்கு அது துரு. ஆதிப் பூமியின் காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்புதான் அது காற்றில் தங்கவே ஆரம்பித்தது. ஆக, முதலில் வந்த உயிரே தனக்குப் பின்னால் கதவைச் சாத்திவிட்டது.

அடுத்தது, சரக்கு எங்கிருந்து. 1953இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற 23 வயது மாணவர், பேராசிரியர் யூரேயிடம் அனுமதி வாங்கி, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி நிரம்பிய கண்ணாடிக் கூண்டில் மின்பொறி விட்டார். ஒரு வாரத்தில் தண்ணீர் சிவந்து பழுப்பாகிவிட்டது, உள்ளே கிளைசின், அலனின் மாதிரி அமினோ அமிலங்கள், புரதம் கட்டுகிற செங்கல்கள். பின்னாளில் ஆதிக் காற்றில் மீத்தேனும் அம்மோனியாவும் அந்த அளவு இருந்திருக்காது, கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான் அதிகம் என்று வந்தது, அதில் இவ்வளவு விளைச்சல் கிடைக்காது. ஆனால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை, சரக்கு மேலேயிருந்தும் விழுகிறது. 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் 100 கிலோவுக்கு மேல் விண்கல் விழுந்தது, அதில் அமினோ அமிலங்கள். 2023இல் பென்னு என்ற சிறுகோளிலிருந்து அள்ளி வந்த 121 கிராம் மண்ணில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன, மரபுச் செய்தியை எழுதி வைக்கும் டி.என்.ஏ., அதன் சொந்தக்காரன் ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் வேண்டிய ஐந்து எழுத்துகளும் இருந்தன. அங்கே ஒரு உயிரும் கிடையாது. செங்கல் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, சிக்கல் எல்லாம் கட்டுவதில்தான்.

இங்கேதான் உங்கள் கண்மாய் வருகிறது, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமினோ அமிலமோ ஆர்.என்.ஏ.வின் துண்டுகளோ ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று போகவேண்டும். நடுக்கடலில், சுற்றிலும் தண்ணீராக இருக்கும்போது, அது நடக்கவே நடக்காது என்றில்லை, ஆனால் எதிர்த்திசைக்குத்தான் இழுக்கும். கரையில் காய்ந்தால்? காய்கிற கண்மாயை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். தண்ணீர் உள்வாங்க உள்வாங்கச் சேறு வெடித்து, ஒவ்வொரு சில்லும் ஓரம் சுருண்டு அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும், அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தண்ணீரில் கரைந்து கிடந்ததெல்லாம் அந்தச் சில்லில் வந்து கூடிவிடும். அமெரிக்காவில் டேவிட் டீமர் என்பவர் பல வருஷமாகச் சொல்வது இதைத்தான். நனைவது, காய்வது, திரும்ப நனைவது. காயும்போது கொழுப்பு மூலக்கூறுகள் அடுக்கடுக்காகப் படிந்து நடுவில் மற்றதைச் சிக்க வைக்கும், அங்கே சங்கிலி கோக்கும். திரும்ப நனையும்போது அந்த அடுக்குகள் குமிழாகச் சுருண்டு, கோத்த சங்கிலியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு மிதக்கும். 1985இல் மர்ச்சிசன் கல்லிலிருந்து எடுத்த பொருளையே நனைத்துப் பார்த்தார், சவ்வுக் குமிழ் வந்தது.

அந்தக் கொழுப்பு என்ன என்று கேட்டால் சோப்புக்குச் சொந்தக்காரன்தான், கொழுப்பு அமிலம். எங்கள் ஊர் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வாளி ஓரத்தில் திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும், அம்மா திட்டிக்கொண்டே துவைக்கும். கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்வதால் வருகிற வினை. கடல் தண்ணீரிலும் இதேதான், அந்த ஆதிச் சவ்வு அங்கே உடைந்துவிடும். அதனால்தான் கடல் வேண்டாம், எரிமலை ஓரத்து மழைநீர்க் குட்டைதான் என்று ஒரு கட்சி.

எதிர்க்கட்சியும் பலமானது. 2000இல் அட்லாண்டிக்கின் அடியில் 'லாஸ்ட் சிட்டி' என்று வெள்ளைச் சுண்ணாம்புக் கோபுரங்களைக் கண்டுபிடித்தார்கள், 40 முதல் 90 டிகிரி வெதுவெதுப்பில் காரநீர் கசிகிறது. காரம் உள்ளே, அமிலம் வெளியே, நடுவில் மெல்லிய சுவர் என்றால் அது பேட்டரி. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் இன்றைக்கும் அதே மாதிரி பேட்டரியில்தான் ஓடுகிறது என்பது இந்தக் கட்சியின் வாதம். எனக்குக் குட்டைக் கட்சிதான் பிடிக்கும். கண்மாய் ஊரில் பிறந்த பாசமும் அதில் கொஞ்சம் இருக்கலாம்.

நேர்கேள்வி | திங்கள், இரவு 10.05

எல்லோரும் நன்றாகக் கதை சொல்கிறீர்கள். ஒரு செல்லையாவது யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா? கருவாட்டுக் குழம்பில் மீனின் எல்லாச் சரக்கும் இருக்கிறது, அமினோ அமிலம், கொழுப்பு, டி.என்.ஏ., உப்பு, எல்லாம் சரியான அளவில். ஆயிரம் வருஷம் கொதிக்க வைத்தாலும் அதிலிருந்து மீன் நீந்திவருமா? வராது. அப்புறம் வெறும் மண்ணிலிருந்து எப்படி வரும்?

உசிலைக்காரன் | செவ்வாய், காலை 7.50

அண்ணே, கருவாட்டுக் குழம்பு எடுத்துக்காட்டை நான் சுட்டுக்கொள்கிறேன், இதைவிட நல்லதாக யாரும் கேட்டதில்லை. செல்லை யாரும் அடியிலிருந்து செய்து காட்டவில்லை, உண்மைதான். ஆனால் செல் முதல் படியே இல்லை. செல் என்பது ஏற்கெனவே கட்டி முடித்த மீனாட்சியம்மன் கோயில், நாம் பேசுவது முதல் கல்லை.

குழம்பில் இரண்டு குறை. சரக்கு இருக்கிறது, ஓட்டம் இல்லை. உள்ளே சக்தி வந்து வெளியே போய்க்கொண்டே இருக்கிற இடம் வேண்டும், வெயிலோ கசியும் காரநீரோ. சும்மா சூடாக்குவது எல்லாவற்றையும் சமன்படுத்திவிடும், அதற்குப் பெயர்தான் சமையல். இரண்டாவது, நகலெடுக்கிற ஒன்று வேண்டும். உங்கள் கடையில் இருக்கிற மாதிரி, கண்மாய்க்கரையான். ஒரு நகலெடுப்பான் கிடைத்துவிட்டால் அப்புறம் அதிர்ஷ்டத்தை நம்பத் தேவையில்லை, போட்டி பார்த்துக்கொள்ளும். இதைச் சோதனைக் குழாயில் பார்த்திருக்கிறார்கள். 1967இல் ஸ்பீகல்மன் குழு ஒரு வைரஸின் ஆர்.என்.ஏ.வை எடுத்து, நகலெடுக்கும் நொதி என்ற புரதமும் தீனியும் கொடுத்து, ஒரு குழாயிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்ததில் விட்டு, அதிலிருந்து அடுத்ததில் என்று 74 தடவை மாற்றினார்கள். வேகமாக நகலாகிறது மட்டும் பிழைக்கும் என்பதால் அந்த ஆர்.என்.ஏ. தன் நீளத்தில் 83 சதவீதத்தைக் கழற்றி எறிந்துவிட்டது. உயிரே இல்லாத ஒரு மூலக்கூறு, கண்ணெதிரே, பரிணாமம் அடைந்தது. நொதியை அவர்கள்தான் கொடுத்தார்கள், அந்தக் குறையையும் நானே சொல்லிவிடுகிறேன்.

நொதி இல்லாமல் எப்படி என்றால், 1980களில் செக்கும் ஆல்ட்மனும் ஆர்.என்.ஏ.வே நொதி வேலையும் பார்க்கும் என்று கண்டார்கள், 1989இல் நோபல். டி.என்.ஏ. இல்லாமல் புரதம் இல்லை, புரதம் இல்லாமல் டி.என்.ஏ. இல்லை, கோழியா முட்டையா என்று முழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, இரண்டு வேலையும் பார்க்கிற மூன்றாவது ஆள் கிடைத்தது. இன்னும் கெட்டியான சாட்சி நம் உடம்பிலேயே இருக்கிறது. புரதம் நெய்கிற தறி ரைபோசோம். அதன் வடிவத்தை அணு அணுவாகப் பார்த்தபோது, அமினோ அமிலங்களை முடிச்சுப் போடுகிற இடத்தில் இருப்பது புரதம் இல்லை, ஆர்.என்.ஏ. புரதத்தைச் செய்வதே ஆர்.என்.ஏ. என்றால் யார் மூத்தவர்? ரைபோசோம் ஆராய்ச்சிக்காக 2009 நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

ஓட்டைகள் இருக்கின்றன. அமினோ அமிலத்தில் இடக்கை, வலக்கை என்று இரண்டு உண்டு, உயிர்கள் இடக்கையை மட்டும் எடுத்துக்கொண்டது ஏன் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் கிடையாது. பென்னு மண்ணில் இரண்டும் கிட்டத்தட்டச் சரிபாதி இருந்தது, அது குழப்பத்தை இன்னும் கூட்டிவிட்டது.

கருங்கல் | செவ்வாய், மாலை 5.30

ஜியாலஜி படித்துவிட்டு இருபது வருஷமாகக் குவாரியில் நிற்கிறவன். எப்போது நடந்தது என்பதை யாரும் தொடவில்லையே. அடிக்கடி என்னிடம் கேட்பார்கள், யானைமலை எவ்வளவு பழசு, அதை உடைத்தால் ஆதி உயிரின் தடம் கிடைக்குமா என்று. கிடைக்காது. மதுரையைச் சுற்றியுள்ள பாறை எல்லாம் சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னால் கண்டங்கள் முட்டியபோது 20 கிலோமீட்டருக்கும் கீழே போய், 800, 900 டிகிரியில் வெந்து, பிசைந்து, திரும்ப மேலே வந்தவை. மேலூர்க் கல்லில் அழகழகாக வரி ஓடுகிறதே, பரோட்டா மாவைப் பிசைந்த மாதிரி, அது வெந்த அடையாளம். அந்த அடுப்பில் எந்தப் பாசியும் தன் முகத்தைக் காப்பாற்றியிருக்காது. சாட்சி இல்லை என்பதற்காகச் சம்பவம் நடக்கவில்லை என்று சொல்லமுடியாது, ரெக்கார்டு ரூம் எரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எரியாத ரெக்கார்டு ரூம் உலகத்திலேயே மிகச் சில. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் 348 கோடி வருஷப் பாறையில் ஸ்ட்ரோமடோலைட் இருக்கிறது. பாசி விரிப்பு மேல் மண் படியும், பாசி மேலே ஏறும், திரும்ப மண் படியும், அப்படி அடுக்கு அடுக்காகக் கல்லாகிப் போனது. கண்மாய் வற்றும்போது கரையில் கருப்பாகத் தோல் மாதிரி உரிந்து வருமே, அதை மடக்கிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், பச்சையும் மண்ணும் மாறி மாறி வரும். அது சொந்தக்காரன்தான். கிரீன்லாந்தில் 370 கோடி வருஷத்தது என்று 2016இல் ஒரு குழு சொன்னது, பாறை நசுங்கியதால் வந்த வடிவம் என்று 2018இல் இன்னொரு குழு மறுத்தது. நான் இரண்டாவது கட்சி. நசுங்கின கல்லோடு இருபது வருஷம் குடித்தனம் பண்ணுகிறவனுக்கு அந்தக் கூம்புகளைப் பார்த்தால் பாசி நினைவு வரவில்லை.

அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் சிர்கான். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கிடைக்கிற அதே தாது, மணல் அளவுதான் இருக்கும். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 440 கோடி வருஷத்துச் சிர்கான் கிடைத்திருக்கிறது, பூமிக்கே வயது 454 கோடிதான். அங்கே கிடைத்த பழைய சிர்கான்களின் ஆக்சிஜனை அளந்தால் அப்போதே தரையில் தண்ணீர் நின்றது தெரிகிறது. ஆக, தண்ணீர் வந்ததற்கும் நமக்குக் கிடைத்த முதல் கெட்டியான தடத்துக்கும் நடுவில் எப்போதோ உயிர் வந்திருக்கிறது.

நம் பக்கத்தில் ஏதாவது தொட்டுப் பார்க்கவேண்டும் என்றால் சேலம் கஞ்சமலைக்குப் போங்கள். காந்தம் ஒட்டுகிற கருப்பு வரியும் வெள்ளைக் குவார்ட்ஸ் வரியும் மாறி மாறி ஓடும், சுமார் 250 கோடி வருஷப் பழசு. அன்றைய கடலில் கரைந்து கிடந்த இரும்பு அடியில் படிந்தது, படிய வைத்ததில் நுண்ணுயிர்களுக்குப் பங்கு உண்டு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதுவும் வெந்த கல்தான், ஆனால் இரும்பு எங்கே ஓடும்?

விலங்கியல் வாத்தியார் | செவ்வாய், இரவு 8.45

பிரமாதம். ஒரு சின்ன ஊர்க்கதை சேர்த்துவிடுகிறேன். ஆதிக் கடலைச் சூடான, நீர்த்த சூப் என்று 1929இல் எழுதியவர் ஆல்டேன் என்ற ஆங்கிலேயர், நம் ஊராக இருந்தால் ரசம் என்றிருப்பார். (ரஷ்யாவில் ஓபாரின் 1924லேயே இதே மாதிரி சொல்லிவிட்டார்.) அந்த ஆல்டேன் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, குடியுரிமையும் வாங்கி, 1964இல் புவனேசுவரத்தில் இறந்தார். மர்ச்சிசன் கல்லில் அமினோ அமிலம் கண்ட குழுவில் இருந்த சிறில் பொன்னம்பெரும இலங்கையின் காலியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். தத்துவம்!

அப்புறம், முதல் உயிர் வந்தவுடன் அயிரை வந்துவிடவில்லை. பாதிக்கும் மேற்பட்ட காலம் பூமியில் பாக்டீரியாவும், பார்க்க அதே மாதிரி இருக்கிற ஆர்க்கியா என்ற வேறு ஜாதி நுண்ணுயிரும் மட்டும்தான். பிறகு ஒரு ஆர்க்கியா ஒரு பாக்டீரியாவை உள்ளே வாங்கி, செரிக்காமல் குடிவைத்துக்கொண்டது. அதுதான் நம் மைட்டோகாண்ட்ரியா, இன்றைக்கும் தனக்கென்று தனி டி.என்.ஏ. வைத்திருக்கிறது. 1967இல் லின் மார்குலிஸ் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். குடிவைத்த அந்த ஆர்க்கியாவின் சொந்தக்காரன் ஒருவனை ஜப்பான்காரர்கள் கடலடிச் சேற்றிலிருந்து எடுத்து வளர்க்க 12 வருஷம் ஆனது, 2020இல் வெளியிட்டார்கள். இரண்டாகப் பிரிய அதற்குப் பதினைந்து இருபது நாள் ஆகுமாம். நம் அலுவலகங்களில் கோப்பு நகர்கிற வேகம்.

கண்மாய்க்கரையான் | 11 நாள் கழித்து, சனி, இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. பாட்டில் சோதனை செய்துவிட்டேன். கண்மாய் காய்ந்திருந்தபோது தோட்டத்துக்கு அள்ளிவந்த வண்டல் ஒரு மூட்டை கொட்டகையில் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. அதில் ஒரு கை ஒரு பாட்டிலுக்கு, ஒரு கை இன்னொன்றுக்கு. ஒன்றை வாத்தியார் சொன்ன மாதிரி குக்கரில் இரண்டு நாள் வைத்தேன்.

பத்தாம் நாள் அவிக்காத பாட்டிலில் ஓரமெல்லாம் பச்சை. அதோடு குண்டூசித் தலை அளவில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் தத்தித் தத்தி நீந்துகின்றன, வெளிச்சம் காட்டினால் ஓடுகின்றன. அவித்த பாட்டில் தெளிந்து அப்படியே நிற்கிறது. சரி, ஜெயித்துவிட்டோம் என்று அப்பத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டையும் தூக்கி மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மண்ணுக்குள்ள உசுரு கெடக்குன்னு நான் சொன்னேன்ல" என்று பச்சைப் பாட்டிலைக் காட்டியது. அவித்ததைக் காட்டி, "இதுல நீ மண்ணையே கொன்னுபுட்ட, அப்பறம் எப்படி வரும்?" என்றது.

என்ன பதில் சொல்ல?

விலங்கியல் வாத்தியார் | சனி, இரவு 9.55

தம்பி, உங்கள் அப்பத்தா நீடம்! 18ஆம் நூற்றாண்டில் ஸ்பாலன்சானி குழம்பை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து மூடி, ஒன்றும் முளைக்கவில்லை என்று காட்டியபோது நீடம் என்ற பாதிரியார் இதையேதான் சொன்னார், அதிகமாகக் காய்ச்சி உயிர்தரும் சக்தியையே அழித்துவிட்டீர்கள் என்று. ஒரு நூற்றாண்டு அந்த வாதத்தை யாராலும் முழுசாக அடைக்க முடியவில்லை.

நீந்துகிறவை முட்டையிலிருந்து வந்தவை, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான சின்ன ஓட்டுப் பூச்சிகளாக இருக்கும். அவற்றின் முட்டை காய்ந்த மண்ணில் வருஷக்கணக்காகத் தாங்கும். அந்த வகையில் மண்ணுக்குள் உயிர் கிடக்கிறது என்பது எழுத்துக்கு எழுத்து சரி. மற்றதற்குப் பாஸ்டர் பதில் வைத்திருக்கிறார். கழுத்தை உடைத்துத் தூசி விழவிட்டபோது அதே அவித்த சாற்றில் முளைத்ததல்லவா, அப்படியானால் சாறு செத்திருக்கவில்லை, விதைதான் இல்லாமல் இருந்தது. அவித்த பாட்டிலில் மூட்டை மண் ஒரு சிட்டிகை மட்டும் போட்டுத் திரும்ப அடையுங்கள். பச்சை பிடித்தால் மண்ணை நீங்கள் கொல்லவில்லை என்று அர்த்தம்.

கண்மாய்க்கரையான் | ஞாயிறு, காலை 8.20

போட்டாயிற்று. நான் போட்டால் ஏதாவது தகிடுதத்தம் பண்ணுவேன் என்று அப்பத்தாவே மூட்டையிலிருந்து எடுத்துப் போட்டது, அதுவும் ஒரு சிட்டிகை என்றால் அரைக் கைப்பிடி. பஞ்சு அடைத்து அதே ஜன்னலில் வைத்திருக்கிறோம், பாட்டில் மேல் சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறது, யார் தொட்டாலும் தெரியுமாம். அடுத்த வாரம் வந்து சொல்கிறேன்.

குக்கரைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தும் என் வீட்டுக்காரி அதில் சோறு வைக்கமாட்டேன் என்கிறாள். உசிலைக்காரன் தம்பி, வண்டல் அவித்த குக்கர் ஒன்று ஆய்வகத்துக்கு வேண்டுமா?